ஏழு நிமிடத் தென்னை மரம்

கேசட்டை ரீவைண்ட் செய்து தரவும் என்று கடையில் மூன்று இடத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். ஒருத்தர் செய்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இருந்த வீடியோ கடையில் நாலு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஊரார் விட்ட இடத்திலிருந்து நாடாவைச் சுற்றுவதே பாதி வேலை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதில் ஒரு கெட்ட பழக்கமே வந்துவிட்டது. கேசட் திரும்பி வந்தால் உடனே சுற்ற மாட்டேன். கடை வீடியோ டெக்கில் போட்டு, எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். "பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போனவர் இருபதாவது நிமிடத்திலேயே தூங்கியிருப்பார். "தண்டப் படம்" என்று திட்டியவர் கடைசி வரை பார்த்திருப்பார்.

அப்படித்தான் அந்தப் படமும் எனக்குத் தெரிய வந்தது. பெயர் வேண்டாம். தியேட்டரில் நாலு நாள் ஓடி, வந்த சுவடு தெரியாமல் போன தமிழ்ப் படம். வீட்டில் தங்கியிருக்கும் உறவுக்காரன் ஒருவன், அந்த வீட்டுச் சின்னப் பெண்ணைப் படுத்துகிற பாடுதான் கதை. படம் எதையும் காட்டாது. ஒரு கதவு மூடும், அவ்வளவுதான். கதவுக்கு அப்புறம் அந்தப் பெண் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொல்லும். அம்மா கேட்டுக்கொண்டே வேலை செய்வாள். பதில் சொல்ல மாட்டாள். ஏழு நிமிடம் அதுதான்.

முதல் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குப் போயிருக்கும். கதவு மூடுகிற இடத்தில் ஒருத்தரும் நிறுத்தவில்லை. பாதிப் பேர் அந்தச் சமையலறையில் நிறுத்தியிருந்தார்கள்.

பக்கத்துத் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த வீட்டு அம்மாள் கேசட்டை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயோ, படமா அது! நடுவுல நிப்பாட்டிட்டு ஒரு சாமி படத்தைப் போட்டுப் பாத்தபெறவுதான் பிள்ளைங்க சாப்பிட்டுச்சு" என்றார். குளத்தங்கரைத் தெருவிலிருந்து வரும் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் இன்னும் மோசம். "ஏம்மா, ஆத்துல பேத்தியை வெச்சுண்டு இதைப் பாக்க முடியுமோ? நடக்கறதுன்னே வெச்சுக்கோ, அதைப் படமா எடுத்துக் காட்டணுமா? பேசாம அழிச்சுடு" என்று மேஜையைத் தட்டினார். அவர் வீட்டு நாடாவும் சமையலறையில்தான் நின்றிருந்தது.

பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் விற்கும் அக்கா ஒருத்தி, வீட்டு விசேஷத்துக்கு டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்தபோது, அட்டைப் படத்தில் சின்னப் பெண் இருப்பதைப் பார்த்து குழந்தைகள் படம் என்று இதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வந்து கூடையை இறக்காமலே பிடித்துக்கொண்டாள். "இன்னாமே படம் குட்த்த? பொண்ணு வந்து சொல்லுது, ஆத்தாக்காரி கம்முனு கீறா. அவ வாயில இன்னா கொழுக்கட்டையா? எங்க குப்பத்துல இருந்தா அந்தாளு கை இருக்குமா?" என்றவள், கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்து, "சோறே எறங்கலமே" என்றாள்.

அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தக் கேள்வியை நான் பதினேழு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. அவர் என்னிடம் செய்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒருநாள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சொற்களில், ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா, "கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. ஒரு மாதத்தில் சித்தப்பா தி.நகரில் தனி ஆண்கள் தங்கும் ஒரு மேன்ஷனில் அறை பார்த்துக்கொண்டு போனார். பிறகு அங்கேயே சொந்தமாகத் துணிக்கடை வைத்தார். அப்பா இறந்த பிறகு வருடா வருடம் தீபாவளிக்குப் புடவையோடு வந்து, "மதினி, காப்பி" என்று நாற்காலியில் உட்காருவார். எங்கள் வீட்டு டிவியும் டெக்கும்கூட அவர் கொண்டுவந்து வைத்தவைதான். அவர் வரும் நாளெல்லாம் எனக்குக் கடையில் ஏதாவது அவசர வேலை இருக்கும்.

அந்த வருடம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கே.கே. நகர் மாப்பிள்ளை, நல்ல மனிதர். அப்பா இல்லாத வீடு, அதனால் அப்பா இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துக் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அம்மா தலையாட்டினாள். என் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்கப் போவது அந்தக் கை. அந்தத் தையில் நான் இருந்த இடத்தில் இருந்ததில்லை. பஸ்ஸுக்குக் காசிருந்தும் நடப்பேன். கோபம் வந்தால் எனக்குக் கால் நிற்காது.

அம்மாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை சொல்லித்தான் பார்த்தேனே. இன்னொரு முறை சொல்லி, இன்னொரு முறை "கை கழுவிட்டு வா" என்று கேட்கிற தெம்பு எனக்கில்லை. அதனால் படத்தைச் சொல்ல விட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை கேசட்டை எடுத்துப்போய் டிவி மேல் வைத்து, "நல்ல படமாம், பாரும்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். போனேனே தவிர, அன்றைக்கு யாருக்கு என்ன கேசட் கொடுத்தேன் என்று தெரியாது. பக்திப் படம் கேட்டவருக்குப் பேய்ப் படம் கொடுத்து ஏச்சு வாங்கினேன். இந்நேரம் கதவு மூடியிருக்கும், இந்நேரம் அந்தப் பெண் சமையலறைக்குப் போயிருக்கும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. "அவர் வேண்டாம்" என்று அவள் வாயால் வர வேண்டும்.

எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் பிள்ளைக்கு மூக்கு எடுப்பா இருக்கு" என்றாள். "நாளைக்கு வரும்போது கால் கிலோ வெங்காயம் வாங்கிட்டு வா."

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க வேண்டும். பசி, சாப்பிட்டுத் தொலைத்தேன். இவள் மறந்தே போய்விட்டாள் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். காலையில் கேசட்டை எடுத்துக்கொண்டு போய், போட்டுக்கூடப் பார்க்காமல் அலமாரியில் சொருகினேன். ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்திருந்தாள். நாலு வருடத்தில் எனக்கு ரீவைண்ட் செய்து கொடுத்த ஒரே வாடிக்கையாளர் என் அம்மாதான்.

அடுத்து அதைக் குளத்தங்கரை அதிகாரியே திரும்ப எடுத்துப் போனார். "மாமி மிச்சத்தைப் பாக்கணுங்கறா, என்ன பண்றது" என்று சலித்துக்கொண்டார். அவரிடமிருந்து வந்ததும் அடையாறில் இருந்த கல்லூரி ஆசிரியர் ஒருவர் எடுத்துப் போனார். ஜோல்னாப் பை, தாடி. நாங்கள் வைத்திருந்த கொஞ்சநஞ்ச நல்ல படங்களுக்கும் அவர் ஒருவர்தான் கதி. மூன்றாம் நாள் பை தோளிலிருந்து நழுவுவது தெரியாமல் கடைக்குள் வந்தார்.

"அந்தத் தென்னை மரம்!" என்றார்.

"எந்தத் தென்னை மரம் சார்?"

"என்னம்மா, கடையில வெச்சிருக்கீங்க, பாக்கலையா? குழந்தை சமையலறைக்குப் போகுது. அம்மாகிட்ட வாயைத் திறக்குது. டக்னு கட் பண்ணி, தென்னந்தோப்பு! ஒருத்தர் கம்பியை விட்டுக் குருத்துல இருக்கற வண்டைக் குத்தி வெளிய எடுக்கறார். உள்ள இருந்தே அரிக்குற வண்டும்மா! ஏழு நிமிஷம்! வேற கதையே இல்லை. இப்படி ஒரு தைரியம் தமிழ்ல யாருக்கு இருக்கு சொல்லுங்க?" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

அவர் படியிறங்கியதும் கேசட்டைப் போட்டேன். கதவு மூடியது. அந்தப் பெண் நடந்து போனாள். "அம்மா" என்றாள். திரை ஒரு துள்ளு துள்ளி, மாலையில் டிவியில் வரும் விவசாய நிகழ்ச்சி. சட்டைப் பையில் பேனாவோடு ஒருவர், வேப்பம் புண்ணாக்கை மணலோடு கலந்து குருத்தில் வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு நிமிடம். பிறகு மறுபடி படம், சமையலறை முடிந்த அடுத்த காட்சி. யாரோ சரியாக அந்த இடத்தை மட்டும் அழித்து அதன் மேல் பதிந்திருந்தார்கள்.

கேசட்டைத் திருப்பினேன். மேலே யாரும் பதிந்துவிடாமல் இருக்க, கேசட் முதுகில் ஒரு சின்னத் துண்டை உடைத்து வைப்போம்; அந்தப் பள்ளத்தை அடைத்தால் மறுபடி பதியலாம். அதில் மடித்த காகிதம் ஒன்று திணித்திருந்தது. பிடுங்கி எறிந்தேன். "பேசாம அழிச்சுடு" என்று மேஜையைத் தட்டிய குரல் காதுக்குள் கேட்டது. கிழவர்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கேசட்டும் கையுமாகக் கிளம்பினேன். மந்தைவெளியிலிருந்து குளத்தங்கரை வரைக்கும் ஓட்டமும் நடையுமாக, என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவர் வாசலிலேயே ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பிடிக்கலைன்னா பாக்காதீங்க. அடுத்தவங்க பாக்கறதை அழிக்கறதுக்கு நீங்க யாரு சார்?" என்று ஆரம்பித்தேன். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். "ஒரு குழந்தை வாயைத் திறந்து சொல்லுது, அதைத் தென்னை மரத்தைப் போட்டு மூடியிருக்கீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேப்பரை மடித்தார், விரித்தார். "நான் எங்கம்மா..." என்பதற்குள் உள்ளேயிருந்து மாமி வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்காத்துல இருக்கறது பிளேயர்தான்மா. போட்டுப் பாக்கலாம், அவ்வளவுதான். ரெக்கார்டு பண்றதுன்னா எப்படின்னே எங்களுக்குத் தெரியாது. வேணும்னா உள்ள வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். பிளேயர்தான். பதிகிற பொத்தானே அதில் இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னை நானே மண்டையில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. "மன்னிச்சுக்கோங்க மாமி" என்றேன். அவர் என்னைக் கொல்லைப் பக்கமாக நாலடி தள்ளிக் கூட்டிப் போனார்.

"ரெண்டாந்தரம் எடுத்துண்டு வரச்சேயே அந்தத் தென்னமரம் இருந்தது" என்றார் மெதுவாக. "மொத தரம் அந்த எடத்துலதான் இவர் எழுந்து போய் நிறுத்திட்டார். அப்பறம் இவர் கோயிலுக்குப் போனப்போ நான் தனியா உக்காந்து பாத்தேன், அதுக்குள்ள அங்க மரமா வருது. ஏம்மா, அந்தக் குழந்தை போய்ச் சொல்லித்தே, அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை மாமி."

"ஒண்ணுமேயா?" என்றார். என் முகத்தையே பார்த்தார். பிறகு எதற்கோ என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்து பத்தடி நடந்ததும்தான் அந்தக் காகிதம் நினைவுக்கு வந்தது. பழுப்புத் தாள், சிவப்பு எழுத்து, எட்டாக மடித்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள். டிவியில் வரும் பாட்டுகளைப் பழைய கேசட்டில் பதிய, பள்ளத்தில் காலண்டர் தாளை மடித்து வைக்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவர்களுக்கு முன்னால் கேசட் இருந்தது எங்கள் வீட்டில்.

மூக்கு எடுப்பாக இருக்கிறதாம்! அந்த ஏழு நிமிடத்தின் தொடக்கமும் முடிவும் பிசகாமல் பதிய வேண்டுமென்றால், அதை இரண்டு தடவையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். கடைக்குப் போகவில்லை. நேராக வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கேசட்டை முறத்தில் போட்டேன். மொச்சை சிதறியது.

"இதுல தென்னை மரம் எப்படிம்மா வந்துச்சு?"

அம்மா பொய் சொல்லவில்லை. "ஆறரை மணிக்கு டிவியில அதான் ஓடிச்சு" என்றாள்.

"எதுக்கு அழிச்சே?"

சிதறிய மொச்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடிக்கிறவரை நான் நின்றேன். எங்கே எழுந்து போய்விடுவாளோ என்று வாசலை அடைத்துக்கொண்டுதான் நின்றேன்.

"அந்தப் பொம்பள பேசாம நிக்கா. பாக்க முடியலட்டி" என்றாள். பிறகு முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ பச்சைப் பாவாடை கட்டியிருந்த. கொக்கி அந்து போய், ஊக்கு குத்தியிருந்த. நான் அரிசி களைஞ்சிட்டு இருந்தேன். ரெண்டாவது தண்ணி. நீ சொல்லி முடிச்ச. நான், கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்னேன். அரிசியே இன்னும் அடுப்புல ஏறல. என்னத்தச் சாப்பிட? அன்னைக்குச் சோறு குழைஞ்சு போச்சு. உங்க அப்பா ஏசினாவ."

எனக்கு அந்த ஊக்கு மறந்துபோயிருந்தது. பதினேழு வருடம் அந்த நாளை நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என்னிடம் இருந்ததைவிட அவளிடம் அதிகம் இருந்தது.

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல? ஒரே ஒரு வார்த்தை! நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு எத்தனை வருஷம் நெனச்சிருக்கேன் தெரியுமா?"

"அந்த மாசமே, வீடு சின்னது, பொம்பளப் புள்ள வளருதுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லி அவன மேன்ஷனுக்கு அனுப்புனேன்."

"அதை எங்கிட்ட சொன்னியா?"

"சின்னப் புள்ள, மறந்திருவன்னு நெனச்சேன். பேசுனா மறக்காதுன்னு நெனச்சேன்."

"இப்ப அவரையே மணையில உக்கார வெக்கறியே, அதுவும் மறந்துட்டேன்னுதானா?"

அம்மா முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அப்பாவுக்குத் தம்பி இருக்கையில வேற யாரு உக்காருவான்னு ஊரு கேக்கும். நான் என்ன சொல்லுவேன்னு பயந்தேன்" என்றாள். பிறகு எழுந்தாள். முகம் கழுவினாள். வெளியே போகிற புடவையைக் கட்டிக்கொண்டு, சாமி மாடத்திலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"எங்கம்மா?"

"வா" என்றாள்.

தெருமுனையில் ஒரு டெலிபோன் பூத். கண்ணாடிக் கூண்டுக்குள் அம்மா போனாள், நான் வெளியே நின்றேன். சித்தப்பாவின் துணிக்கடை எண்ணை எதையும் பார்க்காமலே சுழற்றினாள். எதிரே பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றதால் ஒன்றும் காதில் விழவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரமெல்லாம் இல்லை. ஐந்தாறு வார்த்தை இருக்கும். பிறகு ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் மூச்சு வாங்கியது அவளுக்கு. கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொன்னே?"

"தம்பி, எம்மவ கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாம்னேன்."

"தாரை யாரும்மா வார்ப்பா?"

"எங்கூடப் பொறந்தவன், உங்க மாமா இருக்கான்ல. ஊரு என்ன வேணா கேக்கட்டும்."

நடந்தோம். நான் வேகமாக நடக்கிறவள், அன்றைக்கு அம்மா என்னைவிட வேகமாகப் போனாள். எங்கள் தெருவைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தாள். "அம்மா, வீடு இங்க" என்று இழுத்து நிறுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன், முகமெல்லாம் கண்ணீர்.

"அவர் என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னு வெச்சுட்டான்" என்றாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"ஏன்னு கேக்கவே இல்லட்டி."